மைனஸ் நூற்று இருபது

நாலு மணி பஸ் வரவில்லை.

ஐப்பசி மழைக்கு மலைப்பாதையில் எங்காவது கல் உருளும், மரம் சாயும், பஸ் அடிவாரத்திலேயே நின்றுவிடும். வெள்ளிமலையில் இதற்கெல்லாம் யாரும் பதறுவதில்லை. தமிழரசன் மட்டும் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டோரம் நெடுநேரம் நின்றான். குடையின் விளிம்பிலிருந்து தண்ணீர் அவன் முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த முகத்தின் சூடு சட்டையைத் தாண்டி எலும்பு வரை இறங்கியது. கடைசியில் திரும்பி வந்தான். அவளைக் கட்டிலில் படுக்கவைத்துக் குல்லாவைக் கழற்றினான். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

எழில்மதிக்கு ஆறு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல். காலையில் ஊசி போட்ட நர்ஸ், சாயங்காலத்துக்குள் இறங்காவிட்டால் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார். இறங்கவில்லை. அவளுடைய அம்மா மகேஸ்வரி, தங்கையின் வளைகாப்புக்கு தியாகதுருகம் போனவள், அங்கிருந்தே கிளம்பிக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து காத்திருந்தாள்.

"ஜீப்பு?" என்றாள் போனில்.

"ஜீப்பும் இல்ல. வளைவுல மரம் வுழுந்து கெடக்குதாம். மிஷின் வந்து அறுக்கணும்."

"எப்ப வருமாம் மிஷினு?"

"வரும்."

"வரும்னா?"

"நான் இன்னா பண்ணட்டும் மகேசு? நானா மரம் அறுக்கறேன்?"

பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் மட்டும் வந்தது. யாரோ சேலம் சேலம் என்று கத்தினார்கள்.

"மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"பக்கத்துலயே இருங்க. அந்தப் பொட்டியக் கட்டிக்கினு உக்காந்துடாதீங்க."

அவன் லேப்டாப்பின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

உட்காராமல் முடியாது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் வீடு கட்டுபவர்களுக்கு, ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே வீட்டின் படம் வேண்டும். தூண், கண்ணாடிக் கைப்பிடி, வாசலில் ஒரு கார், மேலே மேகமில்லாத வானம். எலிவேஷன் என்பார்கள். இன்ஜினியர்கள் பிளானை அனுப்புவார்கள். தமிழரசன் மலைமேல் இருந்தபடி படத்தைச் செய்து அனுப்புவான். எலவனாசூர்கோட்டையில் ஒருவருக்கு நாளைக் காலை பூமி பூஜை. இன்ஜினியர் சிவசங்கருக்கு இன்று ராத்திரிக்குள் படம் போயாக வேண்டும். ஃபிளெக்ஸ் அடித்து மனையில் நட்டுவைப்பார்கள். கோடு போடும் வேலையெல்லாம் முடிந்துவிட்டது. இனி லேப்டாப் தானாகக் கணக்குப் போட்டு, ஒளியும் நிழலும் சேர்த்து, படத்தை வரைந்து முடிக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முழு மூச்சோடு ஓட வேண்டும். ஓடவில்லை. காலையிலிருந்து மூன்று முறை சூடேறித் தானாக அணைந்துவிட்டது.

நான்காவது முறையாக ஓடவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். மூன்று ராத்திரித் தூக்கம் இமைக்குள் மணலாக உறுத்தியது. வெளியே தகரத்தில் மழை. சமையலறையில் ஈர விறகின் வாசம். லேப்டாப்பின் ஃபேன் மெல்ல ஏறி, உச்சியில் நின்று இரைந்து, சற்றே இறங்கி, மறுபடி ஏறியது.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தபிறகுதான் தெரிந்தது, அவன் கேட்பது ஓர் ஓசையல்ல, இரண்டு. பின்னால் கட்டிலில் மகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஃபேன் ஏறும்போது அவள் மூச்சும் ஏறியது. அது இறங்கும்போது இதுவும் இறங்கியது.

கண்ணைத் திறந்தான். எழுந்துபோய் அவள் நெற்றியில் புறங்கையை வைத்தான். திரும்பி வந்து லேப்டாப்பின் அடியில் அதே கையை வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான்.

தூக்கம் இல்லாவிட்டால் இப்படித்தான், என்று நினைத்துக்கொண்டான்.

கள்ளக்குறிச்சியில் லேப்டாப் பழுது பார்க்கும் பிரவீன்குமார் அவனோடு காலேஜில் படித்தவன். கூப்பிட்டதும் எடுத்தான்.

"மச்சான், சூடு தணிக்கற பேஸ்ட்டு மாத்திட்டேன், ஃபேன மாத்திட்டேன். இன்னும் இன்னாடா அதுக்கு? மலமேல குளுர்ல வச்சிகினு சூடாவுதுன்னு சொல்ற ஒரே ஆளு நீதான்."

"இன்னிக்கு மட்டும் ஓடுனா போதும்டா."

"அப்ப வோல்டேஜ எறக்கு."

"எதுக்கு?"

"பிராசசருக்கு. கம்பெனிக்காரன் எப்பவும் தேவைக்கு மேல ஜாஸ்தியாதான் குடுத்து வச்சிருப்பான். அந்த ஜாஸ்திதான் சூடு. கொறச்சாலும் அதே வேலைய அதே வேகத்துல செய்யும். ஒரு சாஃப்ட்வேர் அனுப்பறேன், அதுல மைனஸ்ல போட்டுக்கினே வா. பத்து பத்தா. ஸ்க்ரீன் அசையாம தொங்கிச்சின்னா ரெண்டு படி மேல ஏத்திடு."

"எவ்ளோ வரைக்கும் எறக்கலாம்?"

"அது ஒண்ணுக்கு ஒண்ணு மாறும்டா. எவ்ளோ கம்மில அது உயிரோட இருக்கும்னு நீதான் பாத்துக்கணும்." ஏதோ சாப்பிட்டுக்கொண்டே பேசினான். "ஆனா ஒண்ணு. ஆன் பண்ணும்போதே அந்த அளவுல ஓடணும்னு ஒரு டிக் இருக்கும். ரெண்டு நாள் ஓட்டிப் பாக்காம அதப் போட்டுடாத. அப்பறம் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது."

முதலில் மைனஸ் ஐம்பது மில்லிவோல்ட் போட்டான். எதுவும் ஆகவில்லை. பிறகு ஃபேனின் இரைச்சல் ஒரு சுருதி இறங்கியது. மூலையில் சிவப்பில் இருந்த தொண்ணூற்றேழு டிகிரி, தொண்ணூறாகி எண்பத்தெட்டில் நின்றது. படம் எப்போதும்போல் சிறு சிறு கட்டங்களாக நிரம்பிக்கொண்டு வந்தது. மேகமில்லாத வானத்தின் ஒரு மூலை.

கட்டிலில் மதி புரண்டாள். "தண்ணி" என்றாள். அன்று அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

கழுத்தில் வியர்த்திருந்தது. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தான். நூற்று மூன்று இருந்தது நூற்றொன்றரை ஆகியிருந்தது. மருந்து வேலை செய்கிறது. அவன் அப்படித்தான் நினைத்தான். நினைப்பதற்கு அதைவிட நல்லது வேறு இல்லை.

மைனஸ் எண்பது. லேப்டாப் எழுபத்தொன்பது. மகள் நூறு.

மகேஸ்வரிக்குச் சொன்னான். அவள் அழுதாள், அப்புறம் சிரித்தாள். "இன்னா பண்ணிகினு இருக்கீங்க இப்ப?"

"லேப்டாப்புக்கு வோல்டேஜ் கம்மி பண்றேன்."

"நம்மூர்ல கரண்ட்டே கம்மி. மிக்ஸி ஓடறதில்ல, எல்லாரும் ஸ்டெபிலைசர் வாங்கி வச்சி ஏத்திக்கினு இருக்கான். நீங்க எறக்கறீங்களா?"

"அது வேற வோல்டேஜு."

"எல்லாம் தெரியும். கஞ்சி குடுங்க அவளுக்கு."

கஞ்சி வைக்கப் போகும்முன் லேப்டாப்பை மூடினான். மழைச்சாரல் ஜன்னல் வழியாக மேசைக்கு வந்துகொண்டிருந்தது, அதனால்தான். சாமையை அடுப்பில் ஏற்றி, கொதி வந்து, உப்புப் போட்டு, டம்ளரில் ஆற்றிக்கொண்டு வந்தான். ஜன்னலைச் சாத்தினான். லேப்டாப்பைத் திறந்தான்.

ஃபேன் அலறியது.

கூடவே அவளும்.

டம்ளரை எங்கே வைத்தானென்று தெரியாது. அவள் முதுகு வில்லாக வளைந்திருந்தது. பல் நெறுநெறுவென்றது. தொட்ட இடமெல்லாம் சுட்டது. ஈரத்துணியை எடுத்து நெற்றியில் போட்டான். அது ஆவியடிப்பதுபோல் இருந்தது. "மதி, மதி, அப்பாதான்டா, அப்பா இங்கதான்டா." தெர்மாமீட்டர் நூற்று நாலைத் தாண்டி ஓடியது. அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே திரை தெரிந்தது.

எண் பூஜ்யத்தில் இருந்தது. மூடித் திறந்ததில் அளவு பழையபடி போய்விட்டிருந்தது. மூலையில் தொண்ணூற்றெட்டு, சிவப்பில்.

ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டு மறு கையால் மைனஸ் எண்பதைத் தட்டினான்.

ஃபேன் இறங்கியது. அவள் முதுகு தளர்ந்தது. ஒரு பெருமூச்சு வந்தது. இரண்டும் ஒன்றாக.

அவன் மனத்தில் வந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. ரோடு இல்லை, டாக்டர் இல்லை, மருந்தை மறுபடி கொடுக்க இன்னும் நேரம் ஆகவில்லை. அவன் கையில் இருந்தது இந்த ஓர் எண்தான்.

மைனஸ் தொண்ணூறு. மைனஸ் நூறு.

தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு காட்டியது.

மதி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். "பசிக்குதுப்பா" என்றாள். ஆறிப்போன கஞ்சியை நாலு வாய் குடித்தாள். உதட்டில் ஒட்டியதை அவன் கட்டைவிரலால் துடைத்தான்.

பிறகு மேசைக்குப் போனான். பிரவீன் சொன்னது நினைவிருந்தது. சொன்னவனுக்கு ஆறு வயது மகள் இல்லை. தூங்கி எழுந்தாலும், அணைந்து எழுந்தாலும், இனி ஒருபோதும் அந்த எண் பூஜ்யத்துக்குப் போகக்கூடாது. டிக் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து டிக் போட்டான். அளவை மாற்றினாலும் அதையே நினைவில் வைத்துக்கொள்ளும் என்று கீழே எழுதியிருந்தது. நல்லது என்று நினைத்தான்.

இருட்டத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுச் சாமியம்மாள் வந்தாள். தலையில் கோணிப்பை, கையில் போனும் சார்ஜரும்.

"எங்க வூட்ல லைட்டு மினுக்கு மினுக்குனு கண்ணடிக்குது தம்பி. சார்ஜே ஏற மாட்டேங்குது. இங்க போட்டுக்கட்டுமா?"

"போடுங்கக்கா. இங்கயும் அதே கரண்ட்டுதான்."

"உன்னுது படிச்ச வூடு, கரண்ட்டுக்கும் மரியாத இருக்கும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். கட்டிலருகே குனிந்து மதியின் கன்னத்தைத் தொட்டாள். "எறங்கிடுச்சே! காலைல அடுப்பு மாதிரி கொதிச்சா. இன்னா குடுத்த?"

"மருந்துதான்."

"நல்ல மருந்து." கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "போத்தி வுடு. இதுக்கு மேல எறங்கிடப் போவுது."

அவள் போனதும் போர்வையை இழுத்துவிட்டான். படம் அறுபது சதவீதம் முடிந்திருந்தது. தூண்கள் வந்துவிட்டன. வாசலில் கார் பாதி வந்திருந்தது.

அவன் அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மெலிதாகத்தான். கொசுவின் அளவுக்கு. ஆனாலும் ஏறியது, இறங்கியது, ஏறியது. கண்ணை மூடினால் அவன் தலைக்குள்ளேயே ஓடியது. ஒவ்வொரு முறை ஏறும்போதும், இதோ காய்ச்சல் திரும்புகிறது என்று விழித்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தான். இந்த ஓசை நின்றால் ஒரு பத்து நிமிடம் தூங்கலாம். பத்து நிமிடம் போதும். அவளுக்கும் பயமில்லை. இன்னும் கொஞ்சம் குறைந்தே இருந்தால் என்ன, ஏறுவதற்கு இடம் இருக்குமே.

இன்னும் பத்து. தொங்கவில்லை.

இன்னும் பத்து.

மைனஸ் நூற்று இருபதில் ஃபேன் நின்றது.

அவன் மேசையில் தலை சாய்த்தான்.

குளிர்ந்துதான் விழித்தான். கன்னம் மரத்திருந்தது. விடியற்காலை அம்மிக்கல்லில் முகத்தை வைத்துப் படுத்ததுபோல் இருந்தது. தலையை எடுத்துப் பார்த்தால் கன்னம் இருந்தது லேப்டாப்பின் மேல். கரண்ட் போயிருந்தது. மழை விட்டிருந்தது. வீட்டில் திரையின் வெளிச்சம் மட்டும். அந்த வெளிச்சத்தில் மேகமில்லாத வானத்தின் கீழ், எலவனாசூர்கோட்டை வீடு ஏறக்குறைய முழுதாக நின்றது. தொண்ணூற்றாறு சதவீதம். ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை.

மூலையில் பதினொரு டிகிரி என்று இருந்தது.

முழு மூச்சாக வேலை செய்யும் இயந்திரம் அறையைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. அது அவனுக்குத் தெரியும். எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்து ஆனது.

அப்போதுதான் அமைதியைக் கேட்டான்.

ஃபேன் இல்லை. மழை இல்லை. கட்டிலிலிருந்தும் ஒன்றும் இல்லை.

திரும்பாமல் காத்திருந்தான். ஒரு மூச்சு வரட்டும், திரும்பலாம். தகர விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

மூச்சு வந்தது. நீளமாக. மிகத் தொலைவிலிருந்து இழுத்து வந்ததுபோல்.

பிறகு மறுபடி சொட்டுகள்.

போனின் வெளிச்சத்தில் பார்த்தான். முகம் அமைதியாக இருந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல். போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டான். கிணற்றிலிருந்து எடுத்த கல். தெர்மாமீட்டரை வைத்துக் காத்திருந்தான். அது கூவியது. எண் இல்லை. எண் காட்ட முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் காட்டும் இரண்டு எழுத்து.

மேசைக்குப் பாய்ந்தான். அம்புக்குறியை நகர்த்தினான். அது நகரவில்லை. எல்லாப் பொத்தானையும் தட்டினான். திரை உறைந்திருந்தது. தொண்ணூற்றேழு சதவீதம். கார், தூண், வானம்.

தொங்கிச்சின்னா ரெண்டு படி மேல ஏத்திடு. எப்படி ஏற்றுவது.

ஒரே வழி. அணைத்துப் போட வேண்டும்.

பொத்தானை அழுத்திப் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. திரை கறுத்தது.

பின்னால் கட்டில் கயிறு தளர்ந்தது. அதன்மேல் இருந்த எடை முழுதும் ஒரேயடியாக விட்டுக் கொடுத்த சத்தம்.

"மதி."

இருட்டு.

பொத்தானைத் தட்டினான். கம்பெனியின் வெள்ளை எழுத்து வந்தது. கட்டிலில் ஒரு மூச்சு. எழுத்து நடுங்கியது. மறைந்தது. மூச்சு பாதியில் நின்றது.

டிக். அவன் போட்ட டிக்.

மறுபடி தட்டினான். எழுத்து. மூச்சு. இருட்டு.

மறுபடி.

எழுத்து. மூச்சு. இருட்டு.

அழவில்லை. அழ நேரம் இல்லை. விரல் பொத்தானில் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டினான். எழுத்து. மூச்சு. எழுத்து நின்றது. நின்றபடியே இருந்தது. அதன் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்கின. பின்னால் மெல்லிய, ஒழுங்கான, மிக மெதுவான மூச்சு.

திரை வந்தது. ஒரு நொடிகூட விடவில்லை. அம்பை இழுத்தான். மைனஸ் நூறு.

ஃபேன் சுழன்றது. முப்பது. ஐம்பது. அவள் முனகினாள். அந்த முனகல் அவனுக்கு அமிர்தமாக இருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். விரல்களில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. நல்ல சூடு. பிள்ளையின் சூடு. "அப்படித்தான்டா. அப்படித்தான் கண்ணு."

ஏறிக்கொண்டே இருந்தது.

எழுபது. எண்பத்தைந்து. இதே மைனஸ் நூறில்தான் அவள் கஞ்சி குடித்தாள். அப்போது நின்ற இடத்தில் இப்போது நிற்கவில்லை. தொண்ணூற்றேழு. சிவப்பு. கை அவன் கைக்குள் சுட்டது. முதுகு வளைந்தது. கண்மணி மேலே சொருகியது, வெள்ளை மட்டும் தெரிந்தது. வாயோரம் நுரை. ஃபேன் அலறியது. இன்னும் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி, அதுவாக அணைந்துவிடும். அணைந்தால் மறுபடி எழுமா.

மைனஸ் நூற்றுப் பத்து. அலறல் நிற்கவில்லை.

அவள் குதிகால்கள் கட்டிலை உதைத்தன.

மைனஸ் நூற்று இருபது.

நின்றது. எல்லாம்.

அவன் தரையில் சரிந்து மேசைக்காலில் சாய்ந்தான். அழுதுகொண்டே வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். திரையின் வெளிச்சத்தில் அவன் மூச்சு வெண்புகையாக வெளியே போனது. எவ்வளவு குளிர்.

கட்டில் கயிறு முனகியது.

மதி எழுந்து உட்கார்ந்திருந்தாள். போர்வையை ஒதுக்கினாள். காலைத் தொங்கவிட்டாள். சிமெண்டுத் தரையில் இரண்டு பாதங்களும் சத்தமில்லாமல் இறங்கின. ஸ்வெட்டரின் பட்டனை மேலிருந்து கீழ் வரை சரியாகப் போட்டுக்கொண்டாள். இதுநாள் வரை அவளுக்கு அது தனியாக வராது.

"மதி?"

நடந்து வந்தாள். தள்ளாடவில்லை. மூன்று நாள் படுக்கையில் கிடந்த பிள்ளை நடப்பதுபோல் இல்லை. அவன் முன்னால் நின்று குனிந்து முகத்தைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. அத்தனை அருகில் இருந்தும் அவன் மூச்சு மட்டும்தான் புகையாக எழுந்தது. அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அழுவாதப்பா" என்றாள். தெளிவான குரல். "எனக்கு ஒண்ணுமில்ல."

அவன் அவள் மார்பில் கையை வைத்தான். ஸ்வெட்டருக்குள் ஒரு துடிப்பு. அவன் காத்திருந்தான். காத்திருந்தான். இன்னொரு துடிப்பு.

போன் அடித்தது. மேசைமேல் அது நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. மதிதான் எட்டி எடுத்தாள். பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் தொடைமேல் வைத்தாள்.

"மரத்த அறுத்துட்டாங்க!" ஜீப்பின் இரைச்சலுக்கு மேல் மகேஸ்வரி கத்தினாள். "ஜீப்புல ஏறிட்டேன், பாதி மல வந்துட்டோம். அதே ஜீப்புல கீழ கூட்டிகினு போயிடலாம், டாக்டர்கிட்ட சொல்லி வச்சிட்டேன். மதி எப்டி இருக்கா? ஹலோ? இன்னாங்க, கேக்குதா? மதி எப்டி இருக்கா?"

வளைவில் சிக்னல் போனது.

மேசையில் லேப்டாப் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் எட்டு. ஏழு. மதி அவன் வலது கையை எடுத்தாள். அவள் விரல்கள் பட்ட இடத்தில் தோல் வலித்தது. அந்தக் கையைத் தூக்கி, மெதுவாக, பிள்ளைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதுபோல், மேசைமேல் மவுஸின் மீது வைத்தாள். அதன்மேல் தன் கையை வைத்து அமுக்கினாள்.

"அம்மா வர்றதுக்குள்ள இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா."